குமரி மாவட்டத்தில் அருங்காட்சியகமும் கலை வகுப்புகளும்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கதிரவன் எழுவதைப் பார்த்து, படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்குச் சென்று, கடைத்தெருவில் சங்கு மாலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். காந்தி மண்டபச் சாலையில் 1991ஆம் ஆண்டிலிருந்து ஓர் அரசு அருங்காட்சியகம் இயங்கி வருவது வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமல்ல, நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் பலருக்கும்கூடத் தெரியாது. பணி மாறுதலில் இம்மாவட்டத்துக்கு வந்த குடும்பத்தினர், பிள்ளைகளை ஓவியமோ இசையோ கற்க அனுப்ப விரும்பும் பெற்றோர், மாணவர்களை எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டிய பொறுப்பிலுள்ள ஆசிரியர்கள், ஓய்வு பெற்றபின் கலையைக் கவனிக்கத் தொடங்குவோர் ஆகியோரை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தொடக்கத்திலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த அருங்காட்சியகத்தை ஒரே வருகையில் பார்த்து முடித்துவிடும் இடமாகக் கொள்ளக் கூடாது. இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளின் உறவினர்கள் மாவட்டத்தின் கோயில்களிலும் அரண்மனையிலும் மலைகளிலும் பட்டறைகளிலும் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே முதலில் இங்கே பார்க்கப் பழகி, பிறகு வெளியே சென்று பார்த்து, மீண்டும் இங்கே திரும்பி வருவதே பயன் தரும் முறை.

நாளும் நேரமும்

புறப்படுவதற்கு முன் கிழமையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மாவட்ட அருங்காட்சியகங்கள் இரண்டாம் சனிக்கிழமையிலும் தேசிய விடுமுறை நாள்களிலும் மூடப்பட்டிருக்கும். பார்வை நேரம் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை. இதற்கு மாறாக, தக்கலை அருகே திருவிதாங்கூர் மன்னர்கள் வாழ்ந்த பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்துடன் இணைந்தபோதிலும், அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே நீடிப்பதால் விடுமுறை, கட்டணம், நேர ஒழுங்கு அனைத்தும் அங்கே வேறுபடும். நண்பகலில் இடைவேளையும் உண்டு. இரண்டையும் ஒரே வார இறுதியில் பார்க்க நினைப்பவர்கள் இரண்டாம் சனிக்கிழமை வராத வாரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கார்த்திகை தொடங்கித் தை நடுப்பகுதி வரை சபரிமலைக்குச் செல்லும் பக்தர்கள் பெருந்திரளாகக் கன்னியாகுமரிக்கு வருவார்கள். மே மாத விடுமுறையிலும் கூட்டம் மிகுதி. அமைதியாக நின்று பார்க்க விரும்பினால் ஜூன், ஜூலை மாதங்களில் சாரல் பெய்யும் ஒரு வேலைநாள் முற்பகலைவிடச் சிறந்த நேரம் இல்லை.

முதல் வருகையில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

அருங்காட்சியகத்தில் கற்சிற்பங்கள், உலோகத் திருமேனிகள், மரச்சிற்பங்கள், பழங்காசுகள், பழங்குடியினரின் புழங்குபொருள்கள், திமிங்கில எலும்பு உள்ளிட்ட இயற்கை வரலாற்றுப் பொருள்கள் என்று பலவகையும் உள்ளன. முதல் வருகையிலேயே அனைத்தையும் பார்த்துவிட முயன்றால் வீடு திரும்பியபின் எதுவும் நினைவில் நிற்காது. ஒரு மணி நேரம், மூன்று பொருள்கள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். முதலில் கூடங்களை ஒருமுறை வேகமாகச் சுற்றி வந்து, உங்களை நிறுத்திய மூன்றைத் தேர்ந்து, மீதி நேரம் முழுவதையும் அவற்றுக்கே கொடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று தயங்குபவர்களுக்குத் தேர்ச் சிற்பங்களையே நான் பரிந்துரைப்பேன். இலுப்பை, வேங்கை, தேக்கு போன்ற மரங்களில் செதுக்கப்படும் இச்சிற்பங்கள் தனித்து நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பெரிய தேரின் உறுப்பு. எனவே முகத்தையும் ஆயுதத்தையும் பார்ப்பதற்கு முன் சிற்பத்தின் ஓரங்களைப் பாருங்கள். அடுத்த சட்டத்தில் செருகுவதற்காக விடப்பட்ட முளையும், ஆப்பு இறக்கிய துளையும், பின்னாளில் இரும்புப் பட்டை அடித்து இறுக்கிய தடமும் பல தேர்ச் சிற்பங்களில் தெளிவாகத் தெரியும். மடிப்புகளுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துப் படிந்திருக்கும். சிலவற்றில் பழைய வண்ணப் பூச்சு நகக்கண் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். இன்னொன்றையும் செய்து பாருங்கள். தேரின் அடிப்பகுதி மேலே செல்லச் செல்ல அகன்று வெளியே நீளும்படி கட்டப்படுவதால், தெருவில் நிற்பவர் அச்சிற்பங்களை அண்ணாந்துதான் பார்ப்பார். அருங்காட்சியகத்தில் அவை கண்மட்டத்தில் வைக்கப்பட்டிருந்தால், சற்றே முழங்காலை மடக்கிக் கீழிருந்து நோக்குங்கள். நேரே பார்க்கும்போது அளவு மீறிப் பெரியதாகத் தோன்றிய தலையும் முன்னால் சாய்ந்த தோளும் அப்போது தம் இடத்தில் சரியாக அமர்வதைக் காண்பீர்கள். தச்சன் யாருடைய கண்ணுக்காகச் செதுக்கினான் என்பது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

உலோகத் திருமேனிகளின் முன் நிற்கும்போது பீடத்தைக் கவனியுங்கள். விழாக்காலத்தில் வீதியுலா செல்லும் உற்சவ மூர்த்திகளின் பீடத்தில் தண்டு செருகவோ கயிறு கட்டவோ வளையங்களும் துளைகளும் வைக்கப்பட்டிருக்கும். மெழுகில் உருவத்தை வடித்து, அதன் மேல் மண்ணைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகக் கலவையை ஊற்றி, ஆறியபின் மண் கருவை உடைத்து எடுக்கும் முறையில் இவை வார்க்கப்பட்டன. கருவை உடைத்தால்தான் சிலை வெளிவரும் என்பதால் ஒரு கருவிலிருந்து ஒரே ஒரு சிலைதான் கிடைக்கும். மூக்கும் விரல்களும் மழுங்கியிருந்தால் அது வார்ப்பின் குறை என்று எண்ண வேண்டாம்; தலைமுறை தலைமுறையாக நடந்த அபிடேகமும் துலக்கலும் உலோகத்தைத் தேய்த்திருக்கக்கூடும்.

மூன்றாவது பொருளை நீங்களே தேர்ந்தெடுங்கள். எதுவாக இருந்தாலும் அதன் அருகிலுள்ள விளக்க அட்டையில் காலத்தை மட்டும் படித்துவிட்டு நகராமல், எந்த ஊரில் கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பெயர்தான் உங்கள் அடுத்த பயணத்தை முடிவு செய்யப்போகிறது.

கையில் ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் போதும். மை பொருளின் மீது தெறித்தால் நீக்குவது கடினம் என்பதால் பேனாவைத் தவிருங்கள். புகைப்படம் எடுக்க அனுமதி உண்டா, கட்டணம் உண்டா என்பதை நுழைவிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் பிளாஷ் வேண்டாம். தொடக் கூடாது என்று எழுதியிருப்பதைப் பிள்ளைகளுக்கு வெறும் கட்டளையாகச் சொல்லாமல், விரலிலுள்ள வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் உலோகத்தை அரிக்கும் என்று காரணத்தோடு சொன்னால் அவர்கள் தாமாகவே கையைக் கட்டிக்கொள்வார்கள்.

காப்பாட்சியரைச் சந்திப்பது

அருங்காட்சியகத்தின் பொறுப்பு அலுவலரைக் காப்பாட்சியர் என்பார்கள். இங்கு வருபவர்களில் நூற்றில் ஒருவர்கூட அவரைத் தேடிச் சென்று பேசுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது வருகையில் அவரைச் சந்தித்து, உங்கள் பெயரையும் ஊரையும் ஆர்வத்தையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். சிறப்புக் கண்காட்சி, ஓவியப் போட்டி, சொற்பொழிவு, மாணவர் பயிற்சி போன்றவை எப்போது நடக்கும் என்ற செய்தி அங்கிருந்துதான் முதலில் கிடைக்கும். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அது வெளிவரும்போது பெரும்பாலும் பதிவு செய்வதற்கான நாள் நெருங்கிவிட்டிருக்கும்.

ஆண்டில் இரண்டு நாள்களையும் ஒரு வாரத்தையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 18 உலக மரபு நாள். மே 18 உலக அருங்காட்சியக நாள். இது 1977 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இந்த நாள்களையொட்டித் தமிழகத்து மாவட்ட அருங்காட்சியகங்களில் மாணவர்களுக்கான ஓவியம், கட்டுரை, வினாடி வினாப் போட்டிகளும் தற்காலிகக் கண்காட்சிகளும் நடத்தப்படுவது வழக்கம். இரண்டு வாரங்களுக்கு முன்பே தொலைபேசியில் கேட்டு, வயது வரம்பு என்ன, பள்ளியின் சான்றுக் கடிதம் தேவையா, வரைதாள் அங்கே தரப்படுமா, வண்ணங்களை நாம் கொண்டுசெல்ல வேண்டுமா என்பவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டியில் பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, போட்டிக்கு முந்தைய வாரத்தில் பிள்ளையை ஒருமுறை அழைத்துச் சென்று கூடங்களில் உட்கார்ந்து வரையச் செய்வது கட்டாயம் பயன் தரும்.

ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்து வருவதாக இருந்தால், தலைமையாசிரியரின் கையொப்பத்துடன் மாணவர் எண்ணிக்கை, வகுப்பு, வரும் நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் காப்பாட்சியருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் யாரும் எதையும் பார்க்க முடியாது. இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழு உள்ளே பார்க்கும்போது மற்றொரு குழு காந்தி மண்டபத்துக்குச் சென்று வரும்படி திட்டமிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து விடைகளைத் தேடி ஓடவிடும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது; அதை நான் விரும்புவதில்லை. ஒரு சிற்பத்தை நன்றாகப் பார்த்து, அதன் கைகளில் என்னென்ன இருக்கின்றன என்று வரைந்து வரச் சொல்வது அதைவிட மேலானது.

பிள்ளைகளுக்கான தொடர் வகுப்புகள்

அருங்காட்சியகத்தில் நடப்பவை ஒரு நாள் அல்லது சில நாள் நிகழ்ச்சிகள். வாரந்தோறும் கற்பதற்கான ஏற்பாடு தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறையிடம் இருக்கிறது. அத்துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் முதலிய கலைகள் சனி, ஞாயிறுகளில் கற்பிக்கப்படுகின்றன. ஆண்டுக் கட்டணம் மிகக் குறைவு. குமரி மாவட்டத்தார் நாகர்கோவில் மன்றத்தை அணுக வேண்டும். துறையின் மண்டல அலுவலகம் திருநெல்வேலியில் உள்ளது. சேர்க்கைக்குச் செல்லும்போது பிள்ளையின் வயதுச் சான்று, புகைப்படம், ஆதார் நகல் ஆகியவற்றை எடுத்துச் சென்றால் மறுபடி அலைய வேண்டியிருக்காது.

எந்தக் கலையில் சேர்ப்பது என்பதைப் பெற்றோர் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகாமல், இரண்டு மூன்று வகுப்புகளின் வாசலில் பிள்ளையைச் சிறிது நேரம் நிறுத்தி, அது எந்த வாசலை விட்டு நகர மறுக்கிறது என்று பாருங்கள். ஆர்வத்துடன் தொடர்பவர்கள் மாவட்ட, மாநில அளவிலான கலைப் போட்டிகளில் கலந்துகொள்ளலாம். 18 வயது வரையுள்ள சிறந்த இளங்கலைஞர்களுக்கு மாவட்டக் கலை மன்றம் கலை இளமணி விருதும், அதற்கு மேற்பட்ட வயதினருக்குக் கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி ஆகிய விருதுகளும் வழங்குகிறது. பெரியவர்களும் இதில் அடங்குவர் என்பதைப் பலர் அறிவதில்லை. உங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாக வில்லடிக்கும் அண்ணாவி (வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவர்) ஒருவர் இருந்தால், அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே

மூன்றாம் கட்டத்தில், கூடத்தில் பார்த்தவற்றைத் தேடி மாவட்டத்துக்குள் செல்ல வேண்டும். மரவேலையில் ஈடுபாடு கொண்டவர்கள் பத்மநாபபுரத்திலிருந்து தொடங்கட்டும். 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவாக்கப்பட்ட இந்த அரண்மனை, வேணாட்டுத் (திருவிதாங்கூரின் பழைய பெயர்) தச்சர்களின் கைத்திறனுக்கு இன்று நமக்கிருக்கும் முதன்மையான சான்று. நுழைந்தவுடன் பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மேற்கூரையை நிமிர்ந்து பாருங்கள். அங்கே செதுக்கப்பட்டுள்ள பூக்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பார்கள். ஒரு வரிசையை மட்டுமாவது பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தால் இதழ்களின் எண்ணிக்கையும் மடிப்பும் மாறுவது தெரியும். குதிரை வீரன் உருவம் அமைந்த தொங்கு விளக்கும் அங்கேதான் இருக்கிறது. அரண்மனையின் பழம்பகுதியான தாய்க்கொட்டாரத்தின் தூண்களையும், நவராத்திரி மண்டபத்தின் கருநிறத் தரையையும் விட்டுவிடாதீர்கள். செருப்பை வெளியே விட வேண்டும். படிகள் ஒடுக்கமும் செங்குத்தும் ஆனவை, வாசல் நிலைகள் தாழ்ந்தவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழ்த்தளங்களை மட்டும் பார்த்தாலும் குறையில்லை. உப்பரிகை மாளிகையின் மேல்தளத்திலுள்ள சுவரோவியங்களைப் பாதுகாப்பு கருதி எல்லா நேரமும் எல்லாருக்கும் திறந்து காட்டுவதில்லை. காவி மஞ்சள், காவிச் சிவப்பு, பச்சை, கறுப்பு, சுண்ணாம்புச் சுவரின் வெண்மை என்ற ஐந்து வண்ணங்களுக்குள்ளேயே அமைந்த இந்த ஓவிய மரபைப் படிக்க விரும்பும் கல்லூரி மாணவர்கள் நிறுவனக் கடிதத்துடன் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

கற்சிற்பத்தை நாடுபவர்களுக்குச் சிதறால் மலை. மார்த்தாண்டத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள இந்தத் திருச்சாரணத்து மலையில் 9ஆம் நூற்றாண்டளவில் சமணர்கள் பாறை முகத்தில் வடித்த புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. தலைக்கு மேல் முக்குடை (மூன்றடுக்குக் குடை) இருந்தால் சமண சமயத்தின் அருளாளரான தீர்த்தங்கரர், பாம்பின் படம் விரிந்திருந்தால் அவர்களுள் ஒருவரான பார்சுவநாதர், அருகில் சிங்கமும் குழந்தைகளும் நின்றால் அம்பிகா இயக்கி என்னும் காவல் பெண் தெய்வம் என்ற மூன்று அடையாளங்களைத் தெரிந்துகொண்டு சென்றால் மலை உங்களிடம் பேசும். பிற்காலத்தில் அது பகவதி கோயிலாகவும் மாறியதால், சமணமும் பகவதி வழிபாடும் ஒரே பாறையடியில் இருப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். குலசேகரத்தை ஒட்டிய திருநந்திக்கரைக் குடைவரையை (பாறையைக் குடைந்து அமைத்த கோயில்) அதே நாளில் சேர்த்துக்கொள்ள முடியும்.

சுசீந்திரம் கோயிலில், தட்டினால் இசை எழும் இசைத் தூண்கள் புகழ்பெற்றவை. அவற்றைத் தட்டிப் பார்க்க முயல வேண்டாம்; தூண் கொத்துகளில் மெல்லிய கம்பங்கள் எப்படி ஒரே கல்லிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டன என்பதைக் கண்ணால் பார்ப்பதே போதும். திருவட்டாறு முதலான கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையின்றியே உள்ளே செல்ல வேண்டும் என்பதால் வேட்டியும் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாழும் கைவினைகளைப் பார்க்க விரும்புபவர்கள் கல்லுக்கு மயிலாடிக்கும் நகைக்கு வடசேரிக்கும் செல்ல வேண்டும். புவிசார் குறியீடு (ஓர் ஊருக்கே உரிய பொருள் என்ற சட்டப் பதிவு) பெற்ற நாகர்கோவில் கோயில் நகைகள் வடசேரிப் பட்டறைகளில் செய்யப்படுகின்றன. பரதம் ஆடுவோர் அணியும் கெம்புக் (சிவப்பு) கல் பதித்த தலைச்சாமானும் ஒட்டியாணமும் பலவும் இங்கிருந்து செல்பவையே. பட்டறை என்பது ஒருவரின் பிழைப்பிடம். வாசலில் நின்று அனுமதி கேட்டு, வேலைக்கு இடையூறின்றி ஓரமாக உட்கார்ந்து பார்த்து, புகைப்படம் எடுக்குமுன் கேட்டு, இயன்றால் சிறிதாக ஏதேனும் வாங்கி வருவதே முறை.

வில்லுப்பாட்டைக் கேட்க அரங்குக்குச் செல்லத் தேவையில்லை. சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை (கோயில் விழா) நடக்கும் நாள்களில் ஊர்க்கோயிலுக்குச் செல்லுங்கள். வீசுகோல் வில்லின் நாணில் விழும்போது அதில் கட்டிய மணிகள் ஒலிக்க, பக்கத்தில் குடமும் உடுக்கையும் தாளமும் சேர, கதை விடிய விடிய நடக்கும். புதியவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் பின்னால் உட்காருவது மரியாதை. தோல்பாவைக் கூத்து நடத்தும் குடும்பங்கள் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. பள்ளி ஆண்டு விழாவிலோ குடியிருப்போர் சங்க விழாவிலோ அவர்களை அழைத்து உரிய ஊதியம் கொடுத்து ஆடச் செய்வது, இந்தப் பட்டியலிலுள்ள எல்லா ஆலோசனைகளிலும் நான் முதன்மையாகக் கருதுவது.

உங்கள் வீட்டிலோ நிலத்திலோ பழம்பொருள் இருந்தால்

வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ தென்னைக்குக் குழி எடுக்கும்போதோ சிலை, காசு, செப்பேடு ஆகியன வெளிப்பட்டால் அதைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். எலுமிச்சையும் மணலும்கூட வேண்டாம். உலோகத்தின் மேல் படிந்திருக்கும் பச்சைப் படலமும் ஒட்டிய மண்ணுமே ஆய்வாளருக்குச் செய்தி சொல்பவை. கிடைத்த ஆழத்தையும் இடத்தையும் குறித்து, இருந்தபடியே ஒரு படம் எடுத்து, கிராம நிருவாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி இது மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய செய்தி, மறைப்பது குற்றம். அரசு அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் திருமேனிகளிலும் காசுகளிலும் பல இவ்வழியாக வந்து சேர்ந்தவையே.

பரணில் கிடக்கும் ஓலைச்சுவடிகளை ஈரத்துணியால் துடைப்பதும் வெயிலில் காயவைப்பதும் கேடு விளைவிக்கும். கட்டை அவிழ்க்காமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி எடுத்துச் சென்று காப்பாட்சியரிடம் காட்டுங்கள். கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எப்படிப் பாதுகாப்பது என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியும் வரலாம். அருங்காட்சியகத்துக்கு வழங்க முடிவு செய்தால், பொருள், அளவு, நிலை, உங்கள் குடும்பத்துக்கு அது வந்த வழி ஆகியவற்றை எழுதி இரு படிகள் எடுத்து, ஒன்றில் அலுவலகத்தின் ஒப்புகைக் கையொப்பத்தைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.